வயிறு உள்ள நாய்கள்

எங்கள் வீட்டு நாய்கள் இரண்டே காரணங்களால்தான் செத்தன. ஒன்று லாரி. இன்னொன்று, "எதையோ தின்னுட்டு." அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீடு தென்காசி ரோட்டை ஒட்டி இருந்ததால் முதல் காரணத்துக்குச் சாட்சி உண்டு. இரண்டாவதற்குச் சாட்சியும் கிடையாது, விசாரணையும் கிடையாது. காலையில் நாய் எழுந்திருக்காது. ஆச்சி புறவாசலுக்கு வந்து பார்த்து, "எதையோ தின்னுட்டு, பாவம்" என்பாள். தோட்ட வேலை செய்பவர் மண்வெட்டியோடு வருவார். எதைத் தின்றது, நாம் போட்டதா, அதுவே போய்த் தேடிக்கொண்டதா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. கொஞ்ச நாளில் இன்னொரு குட்டி வந்து சேரும். அதற்கும் மணி என்றுதான் பெயர்.

மணி என்பதை எங்கள் வீட்டில் ஓர் உத்தியோகம் என்றே சொல்லலாம். ஆள் மாறும், உத்தியோகம் மாறாது. ராத்திரி டியூட்டி. சம்பளம் ஒரு வேளைச் சோறு. பென்ஷன் கிடையாது, அதை வாங்கும் வயதுவரை யாரும் இருந்ததில்லை.

இப்போது நான் இருப்பது மடிப்பாக்கத்தில், அடுக்குமாடியில். இங்கே மிலோ என்றொரு லேப்ரடார் இருக்கிறான். 'இருக்கிறது' என்று எழுதினால் மகள் என்னோடு பேசமாட்டாள். மிலோவுக்கு ஒரு ஃபைல் உண்டு. என் சர்க்கரை ஃபைலைவிடப் பருமன். தடுப்பூசி அட்டை, மலப் பரிசோதனை முடிவுகள், வயிற்று ஸ்கேன், இதுவரை தின்று ஒத்துக்கொள்ளாத பதார்த்தங்களின் பட்டியல் எல்லாம் அதில் வரிசைப்படி இருக்கின்றன. வீட்டுக்கு யார் வந்தாலும், காபி வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால் மகள் சொல்லிவிடுவாள்: "அங்கிள், அவனுக்கு மட்டும் எதுவும் குடுத்துடாதீங்க. சென்சிடிவ் ஸ்டமக்."

இதைக் கேட்டால் திருநெல்வேலியிலிருந்து போனில் என் அண்ணன் சிரிப்பான். "நம்ம மணிக்கு என்னடே போட்டோம்? என்னைக்காவது வயிறு சரியில்லன்னு சொல்லிச்சா?"

சொல்லவில்லைதான்.

மணிக்கு என்ன போட்டோம் என்று பார்ப்போம். நாங்கள் சைவம், ஆகவே மணியும் சைவம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு, பசுவுக்குக் கழனி போன பிறகு மிஞ்சியது மணிக்கு. புறவாசலில் துவைகல்லுக்குப் பக்கத்தில் குழவி தொலைந்துபோன ஓர் ஆட்டுரல் கிடந்தது. அதன் குழிதான் மணியின் தட்டு. கழுவ வேண்டிய வேலை இல்லை, அதுவே நக்கிச் சுத்தம் செய்துவிடும். ஒரு நாள் சாம்பார் சோறு, ஒரு நாள் புளிக்குழம்பு, ஒரு நாள் ரசம், சில நாள் மூன்றும் சேர்ந்து மேலே மோர். அவியலில் கிடந்த முருங்கைக்காய்ச் சக்கையை மட்டும் குழிக்குள்ளேயே ஒதுக்கி வைக்கும் நிதானம் எல்லா மணிகளுக்கும் இருந்தது.

அந்தச் சாம்பார் முழுக்க உள்ளி, அதாவது வெங்காயம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்று மிலோவின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள் மகள். அதே பக்கத்தில் திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், சைலிட்டால் போட்ட சூயிங்கம் எல்லாம் உண்டு. மணிக்கு வாரத்தில் பாதி நாள் உள்ளி சாம்பார். ரத்தசோகை இருந்ததா? திண்ணையில் எந்நேரமும் படுத்துக் கிடந்தது. "சோம்பேறி மூதி" என்றோம்.

அந்தச் சைவமும் காம்பவுண்டுச் சுவரோடு சரி. இரவு ஒன்பது மணிக்கு மேல் மணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புரோட்டாக் கடைக்குப் போய்விடும். சால்னா ஊறிய எலும்பைக் கடித்துவிட்டு, விடிகாலையில் மசாலா வாடையோடு வந்து திண்ணையில் படுக்கும். ஆச்சிக்கு எல்லாம் தெரியும். "நம்ம வீட்டுக்குள்ளயா திங்குது?" என்பாள். தாத்தாவுக்கும் இதே சலுகை வழங்கப்பட்டிருந்ததாகப் பெரியவனான பிறகு கேள்விப்பட்டேன்.

சித்தி கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சொதி. தேங்காயைத் திருகித் திருகிப் பெண்களுக்குக் கை ஓய்ந்துபோனது. முதல் பாலில் மினுமினுத்த அந்தச் சொதியை மாப்பிள்ளை வீட்டார் சோற்றில் ஊற்றியதைவிட இலையில் விட்டதே அதிகம். இலை விழுந்த இடத்தில் மணி. அன்று ராத்திரியிலிருந்து வயிற்றால் போனது. வேப்பமரத்தடியில் குழி பறித்துப் படுத்துக்கொண்டது. வாய்க்கால் ஓரத்து அருகம்புல்லைக் கடித்துக் கக்கியது. ஆச்சி வந்து பார்த்து, "இத்தன பேரு வந்து போன வீடு. கண்ணு பட்டுட்டு" என்று சொல்லி, உப்பும் மிளகாயும் எடுத்து நாய்க்குச் சுற்றிப் போட்டாள். பிறகு எங்களிடம், "இன்னைக்கு ஒண்ணும் போடாதீங்கல. வயிறு காயட்டும். சாயங்காலமா மோரத் தண்ணியா ஊத்துங்க" என்றாள். மூன்றாம் நாள் மணி ஆட்டுரல் முன்னால் வந்து உட்கார்ந்தது. ஆட்டுரலில் ஒரு கரண்டி சொதி ஊற்றினார்கள். தீர வேண்டுமே.

கொழுப்பு மிகுந்த விருந்து நாயின் கணையத்தை வீங்க வைக்கும் என்பதும், அதிலேயே சாகிற நாய்கள் உண்டு என்பதும் அம்பாசமுத்திரத்துக்கு வந்து சேரவில்லை. கால்நடை ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் ஊர் வாயில் அது மாட்டாஸ்பத்திரி. நாயைத் தூக்கிக்கொண்டு அங்கே போனால் மாடு பிடித்து நிற்பவர்கள் சிரிப்பார்கள். சென்னை வேப்பேரியில் 1903லேயே கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டது என்பது வேறு விஷயம். எங்கள் ஊரில் நாயையும் வயிற்றையும் சேர்த்துப் பேசினால், அது நம் வயிறாகத்தான் இருக்கும்: நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆட்டு மூளையிலிருந்து தயாரான மருந்து. அந்தப் பதினான்கின் வலியைப் பற்றி ஊரில் ஆளாளுக்குக் கதை வைத்திருந்தார்கள். மணியின் வயிற்றைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வரி இல்லை.

அண்ணன் சொல்கிற 'கல்லைத் தின்றாலும் செரித்த' மணிகளைக் கொஞ்சம் நினைவில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். நான் நாலாம் வகுப்பு படிக்கையில் வந்த மணி எஸ்எஸ்எல்சி வரை இருக்கவில்லை. எஸ்எஸ்எல்சி மணி காலேஜுக்கு இருக்கவில்லை. அண்ணனின் நினைவில் மட்டும் எல்லா மணியும் ஒரே மணியாகி, இருபது வருஷம் ஆரோக்கியமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

மிலோவுக்கு வருகிறேன். அவன் வந்த புதிதில் நடுராத்திரி கதவைப் பிராண்டுவான். ஐந்தாவது மாடி. லிஃப்ட் வருவதற்குள் என்ன ஆகுமோ என்று மகள் அவனைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடுவாள். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மறுநாள் காலை 'சில வீட்டுச் செல்லப் பிராணிகள்' பற்றி, பெயர் சொல்லாமல், எங்கள் கதவு எண்ணை மட்டும் சொல்லி ஒரு செய்தி வரும்.

டாக்டர் சின்னப் பெண். உணவைப் பற்றிப் பேசவே இல்லை முதலில். பூச்சி இருக்கிறதா, ஜியார்டியா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்றார். "பாதிப் பேர் வயித்துல புழுவை வெச்சுக்கிட்டு ஆறு பிராண்ட் மாத்திட்டு வராங்க சார்" என்றார். பிறகு ஓர் அட்டையைக் கொடுத்தார். நாயின் மலத்துக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண், படத்தோடு. 1 என்றால் கூழாங்கல், 7 என்றால் தண்ணீர், 2 வாங்கினால் உத்தமம். இந்தப் பரீட்சையில் மட்டும் அதிக மார்க் வாங்கினால் ஃபெயில். மிலோ ஆறு வாங்கிக்கொண்டிருந்தான். மகள் தினமும் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புவாள். ஒரு நாள் அவசரத்தில் அது எங்கள் குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. பெரியப்பாவின் காலை வணக்கத் தாமரைக்கும் பேத்தியின் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருந்தது. பெரியப்பா அதற்கும் கைகூப்பினார்.

டாக்டர் எழுதிய முதல் மருந்து: மூன்று நாளைக்கு வேகவைத்த கோழியும் குழைந்த சோறும்.

வீட்டில் ஒரு மௌனம் விழுந்தது. என் மனைவி முட்டை போட்ட கேக்கையே பெயர் கேட்டுவிட்டு நகர்த்திவைக்கிறவள். "இந்த அடுப்புலயா?" என்று மட்டும் கேட்டாள். கடைசியில் பால்கனியில் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, அதற்கென்று ஒரு குக்கர், ஒரு கரண்டி என்று தனிக்குடித்தனம் போட்டோம். கறிக்கடைக்குப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அறுபது தாண்டி முதல் தடவையாகக் கோழிக்கடை வரிசையில் நின்றேன். கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "லெக் பீஸா சார், போன்லெஸ்ஸா?" என்றார். டாக்டர் சொன்னபடி ஒப்பித்தேன்: தோல் கூடாது, கொழுப்பு கூடாது, எலும்பு கூடாது, மசாலா தடவக் கூடாது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஹார்ட் ஆபரேஷனா சார்?" என்றார் அன்பாக. அரைக் கிலோவுக்கு மேலே இரண்டு துண்டு இலவசமாகவும் போட்டார்.

மூன்றாம் நாள் மிலோ 3 வாங்கினான். ஆனால் இதையே தொடர முடியாது, வெறும் கோழியும் சோறும் முழு உணவாகாது, சுண்ணாம்புச் சத்தும் மற்றவையும் போதாது என்றார் டாக்டர். டிரை ஃபுட்டுக்குப் போகலாம் என்றார். மனைவி முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதியைச் சொல்லியாக வேண்டும். சைவ வீடுகளுக்கு நாய் உணவுக் கம்பெனிகள் செய்திருக்கும் உபகாரம் அது. உள்ளே வாத்தோ ஆடோ சால்மனோ எதுவாக இருந்தாலும், வெளியே பார்க்க பழுப்பு நிறத்தில் ஓர் உருண்டை. 1957ல் அமெரிக்காவில் பியூரினா கம்பெனி, காலைச் சிற்றுண்டிப் பொரி செய்கிற எக்ஸ்ட்ரூடரில் நாய் உணவைப் போட்டுப் பிழிந்து விற்றபோது இந்த உருண்டை புழக்கத்துக்கு வந்தது. எக்ஸ்ட்ரூடர் என்பது ஆவியும் அழுத்தமும் கூடிய பெரிய முறுக்கு அச்சு, வேறொன்றுமில்லை. பையின் மேல் துள்ளுகிற சால்மன் படத்தை மட்டும் மனைவியால் தாங்க முடியவில்லை. பையோடு பழைய முறுக்கு டின்னுக்குள் இறக்கி மூடிவிட்டாள். டாக்டரும் அதைத்தான் சொன்னார்: பையிலிருந்து கொட்டாதீர்கள், காற்றுப் பட்டால் கொழுப்பு காறிப்போகும், சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சை வேறு. அவர் சொன்ன காரணம் வேறு, எங்கள் காரணம் வேறு. டின் ஒன்று.

ஆனால் எந்தப் பை? அதில்தான் ஒரு வருஷம் ஓடியது.

வேளச்சேரியில் ஒரு கடை. நான் பிறந்த ஊரின் ரேஷன் கடையைவிடப் பெரிது. தரையிலிருந்து கூரைவரை பைகள். அதில் பாதிப் பைகளின் மேல் 'சென்சிடிவ்' என்று இருந்தது. டாக்டரிடம் கேட்டபோது, அந்தச் சொல்லைப் போட எந்தச் சட்ட வரையறையும் இல்லை, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றார். கடைப் பையன் நல்லவன். வேகமாகப் பேசுவான். "சார், இது கிரெய்ன் ஃப்ரீ சார். தானியமே கிடையாது. நாய் ஓநாய் வம்சம்ல சார்?" என்றான்.

ஓநாய் வம்சம்தான். ஆனால் ஸ்வீடனில் உப்சாலா விஞ்ஞானிகள் 2013ல் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதி, நாயிடம் 4 முதல் 30 வரை இருந்தது. மனிதனின் மிச்சச் சோற்றைத் தின்றே அது நாயாகியிருக்கிறது. எந்த ஓநாயும் ஆட்டுரலில் ரசஞ்சோறு தின்றிருக்காது. தானியம் இல்லாத பையைத் திருப்பிப் பார்த்தேன். அரிசி இருக்க வேண்டிய இடத்தில் பட்டாணி, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு. இந்த மூன்றும் வயிற்றில் என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் ஆராய்ச்சி தேவைப்படாது. 2018ல் அமெரிக்காவின் எஃப்டிஏ, பருப்பும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் மிகுந்த இப்படிப்பட்ட உணவு தின்ற நாய்களுக்கு இதயம் விரிந்து அதன் தசை தளர்ந்துபோகும் நோய் வருகிறதா என்று விசாரிக்கத் தொடங்கியது. உணவுதான் குற்றவாளி என்று தீர்ப்பாகவில்லை, விடுதலையும் ஆகவில்லை. நாய்களுக்கு உணவால் வரும் ஒவ்வாமையில் அடிக்கடி பிடிபடுவது மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை. அரிசி அந்த வரிசையில் வெகு பின்னால் நிற்கிறது. பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். "சார், அப்ப இது பாருங்க, ரைஸ் இருக்கு" என்று அடுத்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டான். வியாபாரி.

இந்தப் பைகளின் பின்பக்கம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை? முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் வாக்குமூலம். 'வித் லேம்ப்' என்று பெரிய எழுத்தில் போட, அமெரிக்க விதிப்படி 3 சதவீத ஆட்டிறைச்சி போதும். 'லேம்ப் ஃபார்முலா' என்றால் 25. பொருள்களை எடைப்படி வரிசைப்படுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் அது வேகவைப்பதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீரின் தயவில் கோழி முதலிடம் பிடித்துவிடும். முடிந்த உருண்டையில் ஈரம் பத்து சதவீதம்கூட நிற்காது. ஒருவேளை கோழிதான் ஆகவில்லையோ என்று மிலோவுக்கு ஆட்டிறைச்சிப் பை வாங்கினால், பின்பக்கம் மூன்றாவது வரியில் கோழிக் கொழுப்பு, ஐந்தாவது வரியில் கோழித் தூள். 'ஆடு' என்று பெயர் வைத்துக்கொண்டு அந்தப் பைக்குள் கோழிதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

ஒரு பையில் சிக்கரி வேர் என்று இருந்ததைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கு அது தீனியாம். தினமும் காலையில் டிகாஷனில் நாங்கள் குடிப்பதும் அதே வேர்தான். இன்னொன்றில் இசப்கோல் உமி. அது என் மருந்து அலமாரியில் பல வருஷமாக இருக்கிறது. "அப்ப உங்களுக்கும் அவனுக்கும் ஒரே வயிறு" என்றாள் மனைவி. டின்னைத் திறக்க அன்றிலிருந்து கொஞ்சம் கூச்சம் குறைந்தது அவளுக்கு.

பை மாற்றுவதும் எளிதல்ல. ஏழு முதல் பத்து நாள்: முதலில் பழையது முக்கால், புதியது கால், பிறகு பாதிக்குப் பாதி, பிறகு தலைகீழ். சட்டென்று மாற்றினால் நல்ல உணவுக்கே வயிறு கலங்கும், அதை வைத்துப் புதுப் பையைக் குற்றம் சொல்லிவிடுவோம். மகள் சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுவாள். ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை. மதிப்பெண் நாலு, மூன்று, நாலு, ஆறு என்று ஏறி இறங்கியது. 

டாக்டர் கடைசி ஆயுதத்தைப் பற்றிப் பேசினார்: ஹைட்ரலைஸ்டு உணவு. புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னத் துணுக்காக உடைத்துவிடுவது. இதிலே ஒரு வகை கோழி இறகிலிருந்து தயாராகிறது. இறகு! எங்கள் தெருவில் கோழி அடிக்கிற வீட்டார் சாக்கடைக்குள் தள்ளுவார்களே, அது. அந்த மூன்று கிலோப் பையின் விலைக்கு ஒரு சிப்பம் பொன்னி அரிசி வாங்கி, மீதிக்குப் பருப்பும் வாங்கலாம். நாய்க்கு மருந்துச்சீட்டில் உணவு எழுதும் வழக்கம் ஒன்றும் நேற்று வந்ததல்ல. 1939லேயே அமெரிக்காவில் மார்க் மாரிஸ் என்ற கால்நடை மருத்துவர், பார்வையற்றவர் ஒருவரின் 'பட்டி' (Buddy) என்ற வழிகாட்டி நாய்க்குச் சிறுநீரகம் கெட்டபோது தனி உணவு செய்து கொடுத்தார். ஹில்ஸ் கம்பெனியின் மருத்துவ உணவுகளுக்கு அதுதான் மூலம். அதற்கு முப்பது வருஷம் கழித்தும் நாங்கள் மணிக்கு உப்பும் மிளகாயும் சுற்றிக்கொண்டிருந்தோம்.

இறகுக்குப் போவதற்கு முன் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார். "இந்த உருண்டையைத் தவிர வேற ஏதாவது சாப்பிடறானா?" மூன்று தலைகளும் ஒரே சமயத்தில் இடவலமாக ஆடின.

உண்மையை வெளியே கொண்டுவந்தது சங்கத்தின் சிசிடிவி. யாருடைய பைக்கையோ யாரோ உரசியதற்காக ஒரு வாரப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். பைக்கை உரசியவர் கிடைக்கவில்லை. மிலோ கிடைத்தான். தினமும் காலை ஆறரைக்கும் மாலை ஏழுக்கும் வாட்ச்மேன் அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து பொறை எடுத்துப் போடுகிறார். மிலோ உட்கார்ந்து, கை கொடுத்து, வாங்கித் தின்கிறான். இரண்டாம் மாடி மாமி வாசலில் கிண்ணத்தோடு நிற்கிறார். கிண்ணத்தில் பால். மாடிப்படி கேமராவில் ஒரு கை மட்டும் தெரிந்தது, தயிர்சாத உருண்டையோடு. வளையலைப் பார்த்து மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "தயிர்சாதம் எந்த வயித்துக்குடி ஆகாது?" என்றாள் என் மனைவி.

லேப்ரடார்களில் ஏறக்குறைய கால்வாசிக்குப் பசி அடங்காத ஒரு மரபணுக் குறை உண்டு என்று 2016ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். மிலோவுக்கு இருக்கிறதா என்று பரிசோதிக்கவில்லை. பதிவைப் பார்த்தவர்களுக்குப் பரிசோதனை தேவைப்படவில்லை.

அண்ணாச்சி பயந்துபோனார். "ஊர்ல எல்லா நாய்க்கும் பொறைதான சார் போடுவோம்" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. உலகத்தில் விற்பனைக்கு வந்த முதல் டிரை ஃபுட்டே பொறையின் ஒன்றுவிட்ட அண்ணன்தான். 1860 வாக்கில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்க லண்டனுக்குப் போனார். துறைமுகத்தில் மாலுமிகள் வீசி எறிந்த கப்பல் பிஸ்கட்டை நாய்கள் அடித்துப் பிடித்துத் தின்பதைப் பார்த்தார். இடிதாங்கியை விட்டுவிட்டு நாய் பிஸ்கட் சுட ஆரம்பித்தார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் கிரஃப்ட் என்ற பையன்தான் 1891ல் தன் பெயரிலேயே புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர். டீக்கடை வாசலில் மணிக்குப் பொறை போட்ட எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருமே ஸ்ப்ராட்டின் தொழிலை இலவசமாகச் செய்தவர்கள்.

பொறை நின்றது. பால் நின்றது. தயிர்சாதம் நின்றதாகச் சொல்லப்பட்டது. கடையில் கண்ணுக்கே படாத கீழ்த்தட்டிலிருந்து ஒரு பை எடுத்தோம்: மீனும் அரிசியும், கொழுப்பு மிதம், 'ஹோலிஸ்டிக்' என்றோ 'வைல்ட்' என்றோ முன்பக்கத்தில் ஒன்றும் இல்லை. கடைப் பையனுக்கு அதில் கமிஷனும் இல்லை போலிருக்கிறது, முகம் வாடிவிட்டது. காலையும் மாலையும் அதுவே, நாளைக்கும் அதுவே, தீபாவளிக்கும் அதுவே. ஒரு மாதத்தில் மிலோ 2 வாங்கினான். மகள் அந்தப் படத்தை மட்டும் தெரிந்தே குடும்பக் குழுவில் போட்டாள். இந்த முறை அத்தனை பேரும் கைதட்டினார்கள். மணிக்கு இப்படி யாராவது கைதட்டியிருக்கிறார்களா என்று அன்று நினைத்துக்கொண்டேன். லாரிக்காரன் ஹாரன் அடித்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஆறு மாதம் நிம்மதி. பிறகு ஒரு நாள் வந்த பையின் மூலையில் மஞ்சள் நட்சத்திரம்: 'நியூ அண்ட் இம்ப்ரூவ்டு'. மகள் பின்பக்கத்தைத் திருப்பினாள். மீன் எண்ணெய் இருந்த வரியில் கோழிக் கொழுப்பு வந்து உட்கார்ந்திருந்தது. அன்று சாயங்காலமே அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நங்கநல்லூர், பள்ளிக்கரணை, தாம்பரம் என்று எந்தக் கடையில் பழைய பை தூங்குகிறதோ, காலாவதித் தேதி பார்த்து அள்ளிக்கொண்டு வந்தாள். சமையலறையில் வைக்க அம்மா விடவில்லை. பூஜை அறைக்கு அடுத்த சுவர் அது. ஹாலில் வைத்தால் மிலோ பிரித்துவிடுவான். எல்லாப் பைகளும் என் கட்டிலுக்கு அடியில் போயின.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அண்ணன் வந்திருந்தான். ராத்திரி என் அறையில்தான் படுக்கை. மிலோ ஏதோ பிஸ்கட் தின்கிறான் என்ற அளவில்தான் அவனுக்குத் தெரியும். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்.

"என்னடே," என்றான், "கருவாட்டு வாடை அடிக்கி?"

"பக்கத்து வீடு" என்றேன்.